பூச்சி என்ன தின்றது?

இறால் தின்றால் உதடு வீங்கும், உடம்பெல்லாம் தடிக்கும், சிலருக்கு மூச்சே முட்டும். அப்படிப்பட்ட 15 பேரை நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகர மருத்துவர்கள் ஒரு சோதனைக்கு அழைத்தார்கள். கொடுக்கப்போவது இறால் இல்லை, மாவுப்புழு. ரவை டப்பாவில் நெளியுமே, அது இல்லை. கருவண்டு ஒன்றின் புழுப் பருவம் இது. இரண்டரை சென்டிமீட்டர் நீளம், மஞ்சளும் பழுப்பும் கலந்த நிறம். வளர்ப்புப் பறவைகளுக்கும் பல்லிகளுக்கும் தீனியாக விற்கிற அதே புழு.

இந்த மாதிரிச் சோதனைக்கு ஒரு கறாரான முறை உண்டு. ஒரு நாள் புழு கலந்த உணவு. இன்னொரு நாள் புழுவே இல்லாத, பார்வைக்கும் ருசிக்கும் அதே மாதிரியான உணவு. எந்த நாள் எது என்று தின்பவருக்கும் தெரியாது, பக்கத்தில் நின்று நாடி பார்க்கிற மருத்துவருக்கும் தெரியாது. துளியூண்டில் ஆரம்பிப்பார்கள். காத்திருப்பார்கள். ஒன்றும் ஆகவில்லை என்றால் அடுத்த அளவு. ‘எனக்கு ஒத்துக்காது’ என்ற பயமே சிலருக்கு அரிப்பைக் கொண்டுவந்துவிடும் என்பதால்தான் இந்தக் கண்ணாமூச்சி.

15 பேரில் 13 பேருக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

2016-ல் வெளியான இந்த முடிவு, பூச்சிப் புரதத்தைப் பற்றிப் பேசுகிற எல்லோரையும் ஒரு நிமிடம் நிறுத்தியது. அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்னால்தான் ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு, உலகத்தில் ஏறத்தாழ 200 கோடிப் பேரின் சாப்பாட்டில் பூச்சிக்கு இடமிருக்கிறது, 1,900-க்கும் மேற்பட்ட வகைகள் தின்னப்படுகின்றன என்று ஓர் அறிக்கை வெளியிட்டிருந்தது. மாட்டைவிடக் குறைந்த தீனி, குறைந்த தண்ணீர், குறைந்த இடம்; அள்ள அள்ளப் புரதம். நாளைய பசிக்கு விடை கிடைத்துவிட்டது என்று பத்திரிகைகள் எழுதின. நாமும்தான் எழுதினோம். ‘சரி, தின்றால் என்ன ஆகும்?’ என்று கேட்கிற வேலை மட்டும் ஆய்வுக்கூடங்களுக்குப் போனது.

உட்ரெக்டில் நடந்ததற்குக் காரணம் உறவுமுறை. இறாலும் நண்டும் பூச்சிகளும் ஒரே குலம்: கணுக்காலிகள். தசையில் இருக்கும் ட்ரோபோமயோசின் என்ற புரதம் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அச்சில் வார்த்தது. இறாலைப் பகையாகப் பார்த்துப் பழகிய உடம்பு, புழுவையும் அதே பகையாளி வீட்டுப் பிள்ளை என்று அடையாளம் கண்டுகொள்கிறது. மெத்தையிலும் தலையணையிலும் இருந்துகொண்டு தும்மல் வரவைக்கிற தூசு உண்ணிகளும் இந்தக் குடும்பம்தான். வேகவைத்தால் போய்விடாதா என்று கேட்கலாம். ட்ரோபோமயோசின் சூட்டுக்கு அசராத புரதம். வெந்த இறாலும் அலர்ஜிக்காரரை விடுவதில்லையே.

உட்ரெக்ட் குழு அதோடு நிற்கவில்லை. மாவுப்புழு வளர்க்கிற சிலரையும் சோதித்தது. இறால் தின்றால் அவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லை. ஆனால் புழு ஒத்துக்கொள்ளவில்லை. பண்ணையில் நாள் முழுக்கப் புழுத் தூசியைச் சுவாசித்துச் சுவாசித்து உடம்பு புதிதாகவே ஒரு பகையை உண்டாக்கிக்கொண்டிருக்கிறது. ‘இறால் ஒவ்வாதவர்கள் தவிர்க்கவும்’ என்று உறையில் ஒரு வரி அச்சடித்தால் கதை முடிந்தது என்று நினைத்தவர்களுக்கு இது இன்னொரு தலைவலி.

பார்மாவில் ஒரு மேசை

இத்தாலியின் பார்மா நகரம் பாலாடைக்கட்டிக்கும் பன்றித்தொடைக்கும் பேர்போனது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் இருப்பதும் அங்கேதான். ஐரோப்பியச் சட்டப்படி 1997 மே 15-க்கு முன்னால் அங்கே கணிசமாகச் சாப்பிடப்படாத எதுவும் ‘புதுவகை உணவு’. 200 கோடிப் பேர் தலைமுறை தலைமுறையாகத் தின்றுவந்தது பார்மாவின் மேசைக்கு வந்தால் புதுசு! சிரிப்பு வந்தாலும், இந்த விதியால் ஒரு நன்மை. உலகத்தில் வேறு யாரும் பூச்சியை இவ்வளவு நுணுக்கமாகப் பிரித்துப் பார்த்ததில்லை.

2018 தொடக்கத்தில் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்ததும் விண்ணப்பங்கள் வந்து குவிந்தன. பிரெஞ்சு நிறுவனம் ஒன்று கொண்டுவந்த உலர்ந்த மாவுப்புழுவுக்கு 2021 ஜனவரியில் முதல் சாதகமான கருத்து வந்தது, ஜூனில் அனுமதி. அடுத்து வெட்டுக்கிளி. அதற்கடுத்து, வீட்டு மூலையில் இரவெல்லாம் கத்துமே, அந்தச் சுவர்க்கோழி. 2023 ஜனவரியில் இன்னொரு சிறுவகை மாவுப்புழு.

அனுமதி என்றதும் ‘புழு நல்லது’ என்று முத்திரை குத்திவிட்டதாக நினைக்க வேண்டாம். அந்த ஆவணங்களைப் படித்தால் முனிசீப் கோர்ட் தீர்ப்பு மாதிரி இருக்கும். இந்த இனம், இந்தத் தீனி, இந்த முறையில் கொன்றது, இந்த முறையில் உலர்த்தியது, இந்தப் பண்டத்தில் இவ்வளவு. முதல் மாவுப்புழு முழுசாகக் கொறிக்க விற்கலாம். பிஸ்கட், பாஸ்தா, பருப்பு வகைப் பண்டங்களில் சேர்த்தால் 100 கிராமுக்கு 10 கிராம்தான் உச்சம். 25 கிராம் மாதிரியில் சால்மொனெல்லா ஒன்றுகூட அகப்படக் கூடாது, லிஸ்டீரியாவும் அப்படியே. ஈயத்துக்கும் காட்மியத்துக்கும் பூஞ்சை நஞ்சுக்கும் தனித்தனி வரம்பு. இறால் வகைகளும் தூசு உண்ணியும் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு எச்சரிக்கை வரி கட்டாயம்.

அதில் ஒரு நிபந்தனையை நான் இரண்டு முறை படித்தேன். கொல்வதற்கு முன்னால் குறைந்தது 24 மணி நேரம் புழுவைப் பட்டினி போட வேண்டும்.

மீனை வாங்கினால் குடலை எடுத்துவிட்டுத்தான் சமைக்கிறோம். கோழியும் அப்படியே. இறாலின் முதுகில் ஓடுகிற கறுப்பு நரம்பைக்கூட விரல்நகத்தால் இழுத்துப் போட்டுவிட்டுத்தான் சட்டியில் இடுகிறோம். இரண்டரை சென்டிமீட்டர் புழுவுக்கு எந்தக் கத்தி? வயிறும் அதனுள்ளே இருப்பதும் சேர்த்துத்தான் வாய்க்குள் போகிறது. பூச்சி தின்னும் விஷயத்தில் நம் அருவருப்பு பூராவும் காலிலும் கொம்பிலும் நெளிவிலும் இருக்கிறது. பயப்பட வேண்டிய இடம் அதன் வயிறு. அந்தப் பட்டினியும் பாதி வேலையைத்தான் செய்கிறது. குடலிலுள்ள எச்சம் வெளியேறும், கிருமிகளின் எண்ணிக்கை அதனால் பெரிதாகக் குறைந்துவிடுவதில்லை என்று பெல்ஜியத்து ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள்.

மீதி வேலை அடுப்புக்கு. நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012-ல் வெளியிட்ட ஒரு சோதனை, எந்தச் சமையற்கட்டிலும் ஒட்டிவைக்கத் தக்கது. மாவுப்புழுவையும் சுவர்க்கோழியையும் சிலதை வேகவைத்தார்கள், சிலதை வறுத்தார்கள். வறுத்தால் போதும், மொறுமொறுவென்று ஆகிவிட்டதே என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் வெறும் வறுவலில் குடல் பாக்டீரியாக்கள் சில தப்பித்துக்கொண்டன. சில நிமிடம் கொதிக்கவைத்துவிட்டு வறுப்பதுதான் சரி. அதன் பிறகும் ஒரு கூட்டம் மிஞ்சும். வித்துக்குள் முடங்கிக்கொள்ளும் பாசில்லஸ் வகைக்குக் கொதிநீர் ஒரு பொருட்டில்லை. மிச்சச் சோற்றை வெளியே வைத்தால் வயிற்றைக் கெடுக்கிற பாசில்லஸ் சீரியஸ் இந்த ரகம்தான். அதனால் வெந்ததை உடனே உலர்த்த வேண்டும் அல்லது குளிரில் வைக்க வேண்டும். குளிர்பெட்டி இல்லாத ஊருக்கும் அந்தக் குழு ஒரு வழி சொன்னது: மாவோடு கலந்து புளிக்கவிடுவது. புளிப்பு ஏறினால் வித்து முளைக்காது. இட்லி மாவு வைக்கிற நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

வேகவைத்தாலும் போகாதது

கிருமியை நெருப்பு பார்த்துக்கொள்ளும். ஈயத்தை?

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் மான்டரி மாவட்டத்தில் குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் கூடியிருந்தது. பெயின்டா, குழாயா என்று வழக்கமான சந்தேகங்களின் பின்னால் போன சுகாதாரத் துறையினர் கடைசியில் வந்து நின்றது ஒரு தின்பண்டத்தில். அந்தக் குடும்பங்கள் பலவும் மெக்சிகோவின் ஓஹாகா மாநிலத்திலிருந்து வந்தவை. ஓஹாகாவில் எலுமிச்சையும் மிளகாயும் பூண்டும் போட்டு வறுத்த வெட்டுக்கிளிக்குச் சப்புலின் என்று பெயர். நம்மூர் சுண்டல் மாதிரி கூம்பு கட்டி விற்பார்கள். ஊரில் இருக்கும் உறவுக்காரர்கள் பார்சலில் அனுப்புகிற அந்தப் பாசத்தில்தான் ஈயம் இருந்தது. 2007-ல் இந்த விசாரணை முழுசாக வெளிவந்தது. வெட்டுக்கிளி குற்றவாளி இல்லை. அது ஒரு குறிப்பிட்ட மண்ணிலிருந்து, குறிப்பிட்ட கைகள் வழியாக வந்த வெட்டுக்கிளி.

குவைத்திலும் இதே கதை, வேறு நஞ்சு. 1988-89-ல் படையெடுத்து வந்த வெட்டுக்கிளிகளை மக்கள் பிடித்துத் தின்றார்கள். சோதித்தபோது பூச்சிமருந்து எச்சம் இருந்தது. வெட்டுக்கிளிப் படை வந்தால் அரசாங்கங்கள் மருந்து தெளிக்காமல் இருக்குமா? விழுந்ததைப் பொறுக்குகிறவருக்கு அது மருந்தில் விழுந்ததா, தானாக விழுந்ததா என்று எப்படித் தெரியும்?

வாகனிங்கனில் இன்னொரு சோதனை செய்தார்கள். காட்மியமும் ஈயமும் ஆர்சனிக்கும் கலந்த தீனியை மாவுப்புழுவுக்கும் கறுப்புப் படைவீரன் ஈயின் புழுவுக்கும் கொடுத்தார்கள். ஈப்புழு காட்மியத்தைத் தன் உடம்பில் சேர்த்துவைத்துக்கொண்டது. மாவுப்புழு சேர்த்துவைத்தது ஆர்சனிக்கை. இனத்துக்கு ஒரு பலவீனம். இதற்கு நேர்மாறான ஒரு நல்ல செய்தியும் உண்டு. நிலக்கடலையில் பூஞ்சை பிடித்தால் வருமே அஃப்ளாடாக்சின், அதைத் தீனியில் கலந்து கொடுத்தபோது இந்த இரண்டு புழுக்களும் பெரும்பாலும் தேக்கிவைக்கவில்லை. ஆகவே ‘பூச்சி பாதுகாப்பானதா?’ என்று மொத்தமாகக் கேட்டால் விடையே கிடையாது. எந்தப் பூச்சி, எதைத் தின்றது என்று கேட்டால் ஓரளவு பதில் சொல்லலாம்.

இங்கேதான் பூச்சி வியாபாரத்தின் ஆதாரக் கனவே சிக்கலில் மாட்டுகிறது. ‘குப்பையைப் போடுங்கள், புரதம் எடுங்கள்’ என்பதுதானே விளம்பரம்? ஓட்டல் மிச்சத்தையும் சாணத்தையும் தின்று கொழுக்கிற புழுவுக்கு ஐரோப்பாவில் அந்தத் தட்டு மறுக்கப்படுகிறது. சட்டத்தின் கண்ணில் பண்ணைப் பூச்சியும் மாடு, பன்றி போல வளர்ப்புப் பிராணிதான். சமையலறைக் கழிவு கூடாது, சாணம் கூடாது. மாட்டுக்கு மாட்டெலும்புத் தூளைத் தின்னக் கொடுத்து வந்த பைத்தியநோயை அந்தக் கண்டம் இன்னும் மறக்கவில்லை. ஆக, மனிதன் தின்னும் புழு சுத்தமான கோதுமைத் தவிட்டையும் காரட்டையும் தின்றாக வேண்டும். தவிடு கோழிக்கும் தீனி, மாட்டுக்கும் தீனி. விலை ஏறுகிறது, பசித்தவனுக்கு என்று சொல்லிப் புறப்பட்ட பண்டம் ஜிம்முக்குப் போகிறவர் வாங்குகிற பாக்கெட்டாக வந்து நிற்கிறது. இதை யாரும் உரக்கச் சொல்வதில்லை என்பது என் வருத்தம்.

தாய்லாந்துக்காரர்கள் இந்தக் கணக்கைத் தங்கள் பாணியில் போட்டிருக்கிறார்கள். அங்கே 20,000 அளவில் பூச்சிப் பண்ணைகள் இருப்பதாக உணவு வேளாண்மை அமைப்பே எழுதியிருக்கிறது. சிமென்ட் கல் அடுக்கிய இடுப்பளவுத் தொட்டி, உள்ளே முட்டை அட்டைகள், சுவர்க்கோழி ஒட்டிக்கொண்டு வளர அந்தக் குழிகளே வீடு. ஒன்றரை மாதத்தில் அறுவடை. தீனி, கோழித்தீவனம். கடைசி நாள்களில் தீவனத்தை நிறுத்திவிட்டுப் பூசணியும் கீரையும் போடுவார்கள். தீவனச் செலவு மிச்சம், ருசியும் கூடும் என்பது பண்ணைக்காரர் சொல்லும் காரணம். 2017-ல் அரசாங்கமே சுவர்க்கோழிப் பண்ணைக்கென்று தர விதி எழுதியது. அதே நாட்டில் தள்ளுவண்டியில் வாங்கிய வறுத்த பூச்சியால் ஹிஸ்டமின் நஞ்சேறி மாணவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போனதும் பதிவாகியிருக்கிறது. கெட்டுப்போன சூரை மீனில் வருகிற அதே ஹிஸ்டமின். கெட்ட பிறகு வறுத்தால் வாசனை மறையும், ஹிஸ்டமின் மறையாது.

பாட்டி தின்றாள் என்பது சாட்சியா?

‘எங்கள் முன்னோர் தின்றதுதானே’ என்ற வாதத்துக்குப் பார்மாவிலும் மதிப்புண்டு. ஒரு பண்டத்தை ஒரு சமூகம் காலங்காலமாக உண்டிருக்கிறது என்பது சான்றாக எடுத்துக்கொள்ளப்படும். நியாயம்தான். ஆனால் நைஜீரியாவின் தென்மேற்கை ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும்.

அங்கே மழைக்காலம் வந்தால் ஒரு விநோத நோய் வரும். நேற்றுவரை நன்றாக இருந்தவர் திடீரென்று வாந்தி எடுப்பார், கை நடுங்கும், கால் பின்னும், நடக்க முடியாமல் தள்ளாடுவார். 1950-களிலிருந்தே மருத்துவர்கள் பார்த்து வந்ததுதான், காரணம் பிடிபடவில்லை. 1993-ல் நரம்பியல் மருத்துவர் போலா ஆதமொலேகுன் அதை ஒரு தட்டோடு இணைத்தார். அனாஃபே என்ற ஆப்பிரிக்கப் பட்டுப்பூச்சியின் புழுவை அந்தப் பருவத்தில் வறுத்துத் தின்கிறார்கள், மலிவான புரதம். அதில் தயமினேஸ் என்றொரு நொதி இருக்கிறது. தயமின் என்கிற பி1 வைட்டமினை அது உடைத்துப் போட்டுவிடும். சூட்டுக்கும் எளிதில் சாகாத நொதி என்று பிறகு ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டார்கள். வயிறு நிறைய மரவள்ளி, அதில் தயமின் ஏற்கெனவே சொற்பம். இருந்ததையும் புழு தின்றுவிட்டது. வைட்டமின் மாத்திரை கொடுத்ததும் நோயாளிகள் எழுந்து நடந்தார்கள். தலைமுறைகள் தின்ற உணவு அது. தின்றவர்கள் நோயையும் புழுவையும் ஒரே முடிச்சில் போட்டுப் பார்த்ததில்லை, அவ்வளவுதான். நல்லது தின்கிற வீட்டில் அதே புழு ஒன்றும் செய்யாமல் போயிருக்கும்.

பாதுகாப்பு ஒருபுறம் இருக்க, ‘புரதம்’ என்ற சொல்லையே சோதித்தவர்களும் உண்டு. உணவில் புரதம் எவ்வளவு என்று நேராக அளப்பதில்லை. நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்குவார்கள். 2008-ல் சீனாவில் பாலில் மெலமின் கலந்தவர்கள் ஏமாற்றியது இந்தக் கணக்கைத்தான். மெலமினில் நைட்ரஜன் ஏராளம். பூச்சி யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை, ஆனால் அதன் ஓட்டில் உள்ள கைட்டினிலும் நைட்ரஜன் இருக்கிறது. கைட்டின் புரதம் இல்லை. 2017-ல் வாகனிங்கன் குழு, முழுப் புழுவுக்கு 4.76-ஆல் பெருக்குவதே சரி என்று காட்டியது. உறையில் 60 சதவீதம் என்று போட்டிருந்தால் உண்மையில் 46 பக்கம் என்று வைத்துக்கொள்ளலாம். அதுவும் நல்ல புரதம்தான். ஆனால் 14 சதவீதம் காற்றில் விற்பது வியாபார தர்மமா?

பூச்சியே தொடாதவர் என்று இங்கே யாரும் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். சிவப்பு மிட்டாயின் கார்மைன் நிறம் ஒரு பூச்சியை அரைத்து எடுப்பது. சில மாத்திரைகளின் பளபளப்பு, அரக்குப் பூச்சியின் சுரப்பு. அமெரிக்க உணவு நிர்வாகத்தின் கையேட்டில் 50 கிராம் கோதுமை மாவில் சராசரியாக 75 பூச்சித் துணுக்குகள் இருந்தால்தான் நடவடிக்கை. அதற்குக் கீழே இருந்தால் மாவு போய்க்கொண்டே இருக்கும்.

சிங்கப்பூரின் பட்டியல், பறம்பின் புற்று

2024 ஜூலை 8 அன்று சிங்கப்பூர் உணவு அமைப்பு 16 வகைப் பூச்சிகளை மனித உணவாக அனுமதித்தது. சுவர்க்கோழி, வெட்டுக்கிளி, மாவுப்புழு, பட்டுப்புழு எல்லாம் பட்டியலில். நிபந்தனைகளில் இரண்டு கவனிக்கத்தக்கவை. பண்ணையில் வளர்த்ததாக இருக்க வேண்டும், காட்டில் பிடித்தது கூடாது. தீனி என்ன என்று தடம் சொல்லத் தெரிய வேண்டும், சாணமோ அழுகியதோ இருக்கக் கூடாது. பண்டத்தில் பூச்சி இருந்தால் உறையில் எழுத வேண்டும் என்பது மூன்றாவது. சிங்கப்பூரின் தேக்கா சந்தையில் சாமான் வாங்குகிற சைவ வீட்டுக்காரர்களுக்கு அது முதலாவது.

அந்த அளவுகோலை அப்படியே இந்தியாவுக்குக் கொண்டுவந்தால் என்ன நடக்கும்? ஒடிசாவின் மயூர்பஞ்சு மாவட்டத்துச் செவ்வெறும்புத் துவையலுக்கு, காய் சட்னி என்பார்கள், அதே 2024 ஜனவரியில் புவிசார் குறியீடு கிடைத்தது. சிமிலிபால் காட்டு மரங்களில் இலைக்கூட்டோடு பறித்து வருகிற எறும்பு அது. ஒரு கையில் நாட்டின் பெருமைச் சான்றிதழ். இன்னொரு கையில் ‘காட்டில் பிடித்தது கூடாது’. அசாமில் எரிப்பட்டுக் கூட்டிலிருந்து எடுக்கிற கூட்டுப்புழுவை வீணாக்காமல் தாளித்துத் தின்கிறார்கள். அது வளர்ப்புப் பூச்சி, தீனி ஆமணக்கிலை என்று எல்லோருக்கும் தெரியும். பார்மா கேட்கும் கேள்விக்கு அந்த வீட்டுப் பெண் மூச்சு விடாமல் பதில் சொல்லிவிடுவாள். எறும்பு பறிப்பவரால் முடியாது. ஆனால் எறும்பு மேய்ந்த மரத்துக்கு மருந்தடிக்கவில்லை என்பது அவருக்குத் தெரியும். அந்த அறிவை எந்தப் படிவத்தில் எழுதுவது என்றுதான் யாரும் இன்னும் யோசிக்கவில்லை.

நமக்கும் இதில் ஒரு பங்குண்டு. பாரியின் பறம்பு நாட்டைப் பாடிய கபிலர், மழை பெய்து ஓய்ந்த காலத்தில் செம்புற்றிலிருந்து கிளம்பும் ஈசலையும் புளித்த மோரையும் சேர்த்துச் சமைத்ததைப் புறநானூற்றில் பதிந்துவைத்திருக்கிறார். கிராமங்களில் இன்றும் முதல் மழைக்குப் பிறகு புற்றோரம் விளக்கை வைத்து, கீழே அகலப் பாத்திரத்தில் தண்ணீர் வைப்பார்கள். விழுந்ததை அள்ளி உலர்த்தி, வறுத்து, முறத்தில் புடைத்தால் இறகு பறந்துவிடும். பொரியும் பொட்டுக்கடலையும் சேர்த்தால் சாயங்காலத்துக்கு ஆயிற்று.

இப்போது ஈசல் எங்கள் தெருவிளக்கிலும்தான் வந்து விழுகிறது. போன ஐப்பசியில் ஒரு பையன் பிளாஸ்டிக் டப்பாவில் பொறுக்கிக்கொண்டிருந்தான். அவனுக்கு நேர் எதிரே புதுவீட்டுக்கு அஸ்திவாரம். அன்று காலையில்தான் இரண்டு பேர் முதுகில் டேங்க்கைக் கட்டிக்கொண்டு, கரையான் வராமலிருக்க, பள்ளத்தின் நான்கு மூலையிலும் குளோர்பைரிபாஸ் ஊற்றிவிட்டுப் போயிருந்தார்கள்.